நாலு சென்ரிமீற்றர்

வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாகப் போகிற ஒரு ஒழுங்கையில், ஒரு அனெக்ஸில் நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். பருத்தித்துறை, ஆரையம்பதி, ஹற்றன், மன்னார் என்று நாலு ஊர்ப் பெட்டையள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து இரவு வரைக்கும் எத்தனை தரம் ஒரு காட்டையோ போனையோ ஏதாவது ஒரு மெசினுக்குக் கிட்டக் கொண்டுபோய் 'பீப்' எண்டு சத்தம் வரச் செய்தோம் என்று ஆளாளுக்கு எண்ணி வந்தோம். ஆரையம்பதிக்காரிக்கு 31. அவள் வேலை செய்கிற கட்டடத்தில் லிஃப்ற் தொடக்கம் தண்ணி குடிக்கிற இடம் வரைக்கும் கதவுக்குக் கதவு காட் கேட்கும். மன்னார்க்காரிக்கு 6. பருத்தித்துறைக்காரிக்கு 4, அதில் இரண்டு சுப்பர்மார்க்கெற்றில். ஹற்றன்காரிக்குச் சைபர்.

அவளிடம் காட் இல்லாமல் இல்லை. புடவைக்கடையில் வேலை, சம்பளம் வங்கிக்குத்தான் வரும். வந்த அண்டைக்கே எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் கையில் காசாக வைத்திருப்பாள். "தொடுறதுக்கு அதுக்குள்ள ஏதும் இருக்கோணுமே" என்றாள். அவளுடைய போனிலும் இந்த வசதி இல்லை. ஒரே மொடல் போனை ஒரு நாட்டில் இதோடு விற்பார்கள், இன்னொரு நாட்டில் இது இல்லாமல் கொஞ்சம் மலிவாக விற்பார்கள். எங்கட பக்கம் வருகிற மலிவுப் போன்களில் முதலில் கழற்றப்படுகிற சாமான்களில் இதுவும் ஒன்று.

இதுக்குப் பெயர் என்.எஃப்.சி. தமிழில் அண்மைப்புலத் தொடர்பாடல் என்று சொல்லலாம், சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது. வங்கிக் காட்டில் வைஃபை அடையாளத்தைச் சரித்து வைத்த மாதிரி நாலு வளைகோடு கிடக்குமே, அந்தச் சங்கதிதான். இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, காலம் முடிந்த ஒரு காட்டை நகப்பூச்சு அழிக்கிற அசெற்றோனுக்குள் ஒரு இரவு ஊறப் போட்டோம். விடியப் பார்த்தால் பிளாஸ்ரிக் நொய்ந்து, படை படையாக உரிந்து வந்தது. உள்ளே தலைமயிர் பருமனில் ஒரு கம்பி, காட்டின் ஓரம் வழியாகச் சில சுற்று. அதன் முனையில் ஒரு குட்டிச் சிப். அவ்வளவுதான். பற்றரி எண்ட பேச்சுக்கே இடமில்லை.

ஓ.எல். விஞ்ஞானத்தில் மின்காந்தத் தூண்டல் என்று ஒரு பாடம் ஞாபகம் இருக்கும். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை விட்டு எடுத்தால் கல்வனோமானியின் ஊசி ஆடும். பரடே 1831 இல் கண்டது. நாங்கள் நாலு பேரும் நாலு வேறு பள்ளிக்கூடத்தில் படித்தோம், நாலிலும் அந்த ஊசியை ரீச்சர்தான் ஆட்டிக் காட்டினா, எங்கட கையில் தரவேயில்லை. அந்தச் சங்கதிதான் இப்போது சுப்பர்மார்க்கெற் கவுன்ரரில் கிடக்கிறது. மெசினுக்குள் ஒரு சுருள். அது செக்கனுக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் தடவை அலைகிற ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். காட்டைக் கிட்டக் கொண்டுபோனால் அந்தப் புலத்திலிருந்தே மின் எடுத்து, உறங்கிக் கிடந்த சிப் எழும்பும். பதில் சொல்கிற விதம் இன்னும் வடிவானது. சிப் தான் இழுக்கிற மின்னைக் கூட்டிக் குறைக்கும், மெசின் அந்த ஏற்ற இறக்கத்தை உணரும். பக்கத்து வீட்டில் அயன் பொக்ஸைப் போட்டால் எங்கட லைற் மங்கிறதைப் பார்த்து "அங்க சட்டை அயன் பண்ணுகினம்" எண்டு நாங்கள் அறிகிற மாதிரி.

ஆனால் இந்தப் புலம் கெதியாகச் செத்துப்போகும். சுருளை விட்டு விலக விலக, தூரம் இரண்டு மடங்கானால் பலம் கிட்டத்தட்ட எட்டில் ஒன்றாகும். அதனால்தான் இது நாலு சென்ரிமீற்றர் வரைக்கும்தான் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டு விரல் அகலம். அதற்கு அப்பால் காட் ஊமை. இதை ஒரு குறைபாடு எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம். எங்களுக்கு அப்பிடித் தெரியேல்ல. ஏன் எண்டதைத்தான் இனி எழுதப் போகிறோம்.

பற்றரி இல்லாத பொருளை வெளியில் இருந்து எழுப்பிப் பேச வைக்கிற வித்தைக்கு ஒரு கெட்ட மூதாதையும் உண்டு. 1945 இல் மொஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதுவருக்கு மரத்தில் செதுக்கிய ஒரு இலச்சினையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவரும் வாங்கி வீட்டில் மாட்டினார். அதற்குள் லியோன் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. வயர் இல்லை, பற்றரி இல்லை. வெளியே எங்கேயோ நின்று வானொலி அலை அடித்தால் மட்டும் உயிர் வரும், அறையில் கதைப்பதை அனுப்பும், பிறகு செத்துவிடும். 1952 வரைக்கும் பிடிபடவில்லை. மாட்டினவருக்குத் தெரியாமல், தூர நிற்கிறவனுக்கு மட்டும் பதில் சொல்கிற பொருள். இதை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு விரல் அகலத்தை இன்னொரு பக்கத்தில் வைத்து யோசித்தால் நாங்கள் சொல்ல வருவது கொஞ்சம் விளங்கும்.

சனத்தின் கைக்கு இது வந்தது பஸ்ஸாலும் ரெயினாலும்தான். 1997 இல் ஹொங்கொங்கில் ஒக்ரோபஸ் காட் வந்தது, சொனியின் சிப். 2001 இல் தோக்கியோவில் சுயிக்கா, 2003 இல் லண்டனில் ஒயிஸ்ரர். 2004 இல் நோக்கியா, பிலிப்ஸ், சொனி மூன்றும் சேர்ந்து போனுக்குள்ளும் இதைக் கொண்டுவர ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். 2014 ஜூலையில் லண்டன் பஸ்கள் காசு வாங்குவதையே நிறுத்தின. நிறுத்தினவர்கள் ஒரு நல்ல வேலையும் செய்தார்கள்: ஒயிஸ்ரரில் காசு காணாவிட்டாலும் ஒரு பயணம் போகலாம், அடுத்த முறை காசு போடும்போது கழிப்பார்கள். இரவில் ஒருத்தி தெருவில் நிற்கக்கூடாது எண்டு ஆரோ ஒராள் ஒரு கூட்டத்தில் கையை உயர்த்திக் கதைத்திருக்கோணும். மெசினுக்குத் தானாக அந்த யோசனை வராது.

இலங்கையிலும் 2025 நவம்பரில் மாக்கும்புர பஸ் நிலையத்தில் வைத்து, வங்கிக் காட்டால் பஸ் ரிக்கெற் எடுக்கிற திட்டத்தைச் சில பாதைகளுக்குத் தொடங்கினார்கள். நாங்கள் ஏறுகிற பஸ்களில் இப்பவும் கொண்டக்டரின் விரலிடுக்கில் நீளமாக மடித்த நோட்டுத்தான். அவருடைய "மிச்சம் பிறகு" என்ற வசனம் இந்த நாட்டின் மூன்று மொழியிலும் ஒரே தொனியில்தான் வரும். கொழும்புக்கு வந்து நாங்கள் நாலு பேரும் முதலில் பிழையில்லாமல் சொல்லப் பழகின சிங்கள வசனமே "இதுரு சல்லி தென்ன" தான். மிச்சக் காசைத் தாங்கோ. இருபது ரூபாய்க்காக இறங்கும் இடம் வரைக்கும் நெஞ்சுக்குள் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் சொல்லாமலே இறங்கின நாட்கள் எத்தனை. உச்சரிப்பு ஒரு சொல்லில் சறுக்கினால் திரும்பிப் பார்க்கிற முகங்கள் இருக்குமே, அதுக்குப் பயந்து. காட்டைத் தொட்டால் சரியான காசுதான் போகும். மிச்சமும் இல்லை, வசனமும் இல்லை. கவுன்ரரில் "காட்த, கேஷ்த?" எண்டு கேட்கும்போது ஒரு சொல்லும் சொல்லாமல் காட்டை நீட்டினால் போதும். தமிழ், சிங்களம், ஊர், பேர் ஒன்றும் கேட்காத ஒரு 'பீப்'. இந்த நிம்மதியைச் சின்னதென்று சொல்கிற ஆக்கள் அந்த இருபது ரூபாயை விட்டிட்டு இறங்காத ஆக்களாக இருக்கும்.

ஹற்றன்காரி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பிடி எல்லாரும் வாயத் திறக்காமப் போனா நான் சிங்களம் எங்க பழகியிருப்பன்?" என்று கேட்டாள். அதுவும் சரிதான். எங்கள் நாலு பேரிலும் நல்ல சிங்களம் அவளுக்குத்தான். சைபர் எடுத்ததும் அவள்தான்.

காட்டை நீட்டுவது எங்கட வீடுகளில் புதுப் பழக்கமும் இல்லை. எங்கட அம்மாக்களின் காலத்தில் நீட்டினது ஐசி. வடக்குக் கிழக்கில் எடுத்த ஐசியில் சிங்களத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கும், தெற்கில் எடுத்ததில் சிங்களம் மட்டும். ஆக, செக்பொயின்றில் நிற்கிறவர் பெயரை வாசிக்கவே தேவையில்லை, எழுத்தின் வடிவத்தைப் பார்த்தாலே போதும். பிறகு வருகிற கேள்விகள் எங்களுக்கும் பாடம்: எங்கயிருந்து வாறீங்கள், எங்க தங்கியிருக்கிறீங்கள், பொலிஸ் பதிவு இருக்கா. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், பிறகு உயர் நீதிமன்றம் தடுத்தது. மன்னார்க்காரியின் அம்மா அந்த நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தவ. இன்றைக்கும் வீட்டை விட்டு வெளிக்கிட முதல் ஐசி இருக்கா எண்டு கைப்பையைத் தட்டிப் பார்ப்பா. கோயிலுக்குப் போனாலும் தட்டுவா. ஆனால் அந்தக் கொடுமையிலும் ஒரு விசயம் இருந்தது. வாசிக்கிறவனின் முகம் தெரியும். எப்போது வாசித்தான், எவ்வளவு நேரம் வைத்திருந்தான், திருப்பித் தந்தானா இல்லையா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அட்டை எங்கட பையிலிருக்கும்போது ஒருத்தரும் வாசிக்கேலாது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிற சொந்தக்காரரின் புத்தகத்தின் அட்டையில், நீள்சதுரத்துக்கு நடுவில் ஒரு வட்டம் வைத்த தங்கநிறக் குறி இருக்கும். உள்ளே இதே மாதிரிச் சிப் இருக்கிறது எண்டதுக்கு அடையாளம். எங்கட புத்தகத்தில் அது இல்லை. அமெரிக்கா தன்னுடைய சிப் கடவுச்சீட்டைத் திட்டமிட்டபோது, பையிலிருக்கும்போதே ஆரும் வாசிக்கலாம் எண்டு சனம் எதிர்ப்புத் தெரிவித்தது. 2005 இல் திட்டத்தை மாற்றினார்கள். அட்டைக்குள் உலோகக் கவசம் வைத்தார்கள். அதோடு, படம் உள்ள பக்கத்தைத் திறந்து, அடியில் அச்சிட்ட வரிகளை மெசின் முதலில் பார்த்தால்தான் சிப் வாய் திறக்கும் என்று செய்தார்கள். மூடின புத்தகம் தன் விபரத்தைச் சொல்லாது. திறந்து நீட்டுகிற கை வேண்டும். சனம் கத்தினதால் வந்த மாற்றம் எண்டதை நாங்கள் இங்கே அழுத்தியே எழுதுகிறோம்.

இதே கதையின் இன்னொரு வடிவம் லண்டனில் இருக்கிற ஒரு மாமியின் கையில் நடந்தது. பருத்தித்துறைக்காரியின் மாமி. பத்துப் பன்னிரண்டு வருசமாகச் சீனி வருத்தம். ஒவ்வொரு நாளும் விரலில் குத்திக் குத்தி இரத்தம் பார்த்துக் களைத்துப்போன ஆள். பிறகு ஃப்ரீஸ்ரைல் லிப்ரே என்ற வட்ட உணரியை மேல்கையின் பின்பக்கத்தில் ஒட்டினார்கள். இரண்டு கிழமைக்கு ஒன்று. போனைச் சட்டைக்கு மேலாலேயே அதுக்குக் கிட்டப் பிடித்தால் சீனியின் அளவு போனில் வரும். மகளின் போனுக்கும் போகும். போன உடனே மகள் கோல் எடுப்பாள்: "அம்மா, என்ன சாப்பிட்டனீங்கள்?"

மாமி கெட்டிக்காரி. அந்த உணரி எட்டு மணித்தியாலத்துக்குரிய அளவுகளைத்தான் தனக்குள் வைத்திருக்கும், அதுக்குள் போனைக் காட்டாவிட்டால் பழையது அழிந்துபோகும் என்பதை அவ கெதியிலேயே கண்டுபிடித்திட்டா. ஆற்றயும் கலியாண வீட்டுக்குப் போனால் போனைக் காட்டுவதில்லை. எட்டு மணித்தியாலம் கழிய, கணக்கில் ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டைக்குள்தான் அவவின் லட்டும் கேக்கும். எங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவ.

இப்போது அவவுக்குப் புது வகையை ஒட்டியிருக்கினம். அது தொடத் தேவையில்லை. புளூரூத்தால் நிமிடத்துக்கு நிமிடம் தானே அனுப்பும். போனை ஒரேயொரு தரம், தொடங்கும்போது மட்டும் கிட்டப் பிடித்தால் போதும். இரவில் சீனி இறங்கினால் அலாரம் அடிக்கும், மகளுக்கும் தெரியும். சீனி இறங்கி ஆள் மயங்கிக் கிடந்த வீடுகள் எங்கட சொந்தத்திலும் உண்டு, ஆகவே மகளில் பிழை இருப்பதாக நாங்கள் சொல்லமாட்டோம். மாமியும் சொல்லவில்லை. வீடியோ கோலில் கையைத் திருப்பி அந்த வட்டத்தைக் காட்டிவிட்டு அவ சொன்னது இவ்வளவுதான்: "முந்தியெண்டால் பிள்ளை, நான் காட்டினால்தான் தெரியும்."

நாங்கள் இந்த வசனத்தை அனெக்ஸில் நிறைய நாள் கதைத்தோம். ஒரு பொருளைக் கொண்டுபோய்த் தொடுவதில் 'இந்தா பார்' என்று சொல்கிற ஒரு சம்மதம் இருக்கிறது. கையை நீட்டினவளுக்கு நீட்டினது தெரியும். தூரம் கூடக்கூட அந்தச் சம்மதம் கரைந்து, கடைசியில் ஆள் சும்மா நடந்து போனாலே விபரம் போய்விடுகிற நிலை வருகிறது. அதனால்தான் நாலு சென்ரிமீற்றரை நாங்கள் குறைபாடு என்று சொல்வதில்லை.

ஆனால் கையை நீட்டுவதே கட்டாயமாக இருந்தால்? ஆரையம்பதிக்காரியின் 31 க்கு வருவோம். வேலையிடத்தின் பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவுகள். வேலை செய்கிற தளத்துக்கு ஒன்று, சாப்பாட்டு அறைக்கு ஒன்று, ரொயிலற் இருக்கிற நடைபாதைக்கு ஒன்று. போகவும் தொடவேணும், வரவும் தொடவேணும். பாதுகாப்புக்கு என்று சொல்லித்தான் காட் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் நடக்கிற மதிப்பீட்டில் அவளுக்கு முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். 'இருக்கையில் இல்லாத நேரம்' என்று தலைப்பு. ஒரு நாளுக்கு எதிரே 52 நிமிடம் என்று மஞ்சள் பூசியிருந்தது. அவளுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது, மாதவிடாயின் முதல் நாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆம்பிளையள். "வயித்துக்குள்ள சரியில்லாமல் இருந்தது சேர்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தாளில் பொய் என்று ஒன்றும் இல்லை. 10.42 க்கு வெளியே, 10.55 க்கு உள்ளே. எல்லாம் நடந்ததுதான். இந்த நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் என்று தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் இருக்கிறது. என்ன நோக்கத்துக்கு ஒரு விபரத்தை எடுக்கிறீர்கள் என்று சொல்லி எடுக்கவேணும், அந்த நோக்கத்துக்குப் பொருந்தாத வேலைக்குப் பிறகு அதைத் திருப்பக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. கதவு திறக்க எடுத்த விபரத்தை ஆளை எடைபோடப் பாவிக்கலாமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நிரந்தரமாக்குவதற்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அந்த 52 நிமிடத்துக்குள் அவளுடைய வயிற்றுவலி மட்டும் இல்லை. அந்தத் தளத்தைச் சுத்தம் செய்கிற அக்கா ஒராள் இருக்கிறா. கொட்டாஞ்சேனையிலிருந்து வாறவ. ஆளனுப்புகிற வேறொரு கொம்பனியின் ஆள் என்பதால் அவவுக்குக் காட் கொடுக்கவில்லை. மொப்பும் வாளியுமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பா. கிட்ட இருக்கிற ஆரும் பார்த்துத் திறந்தால்தான் உள்ளுக்கு வரலாம். கண்ணாடியில் தட்ட மாட்டா, தட்டினால் மனேஜர் பார்ப்பாராம். சும்மா நின்று முகத்தைப் பார்ப்பா. கதவுக்குக் கிட்ட இருக்கிற இருக்கை எங்கட ஆளுடையது. "மகள், கதவக் கொஞ்சம்" எண்டு வாய் அசையும். இவள் எழும்பிப் போய்த் தொட்டுத் திறந்துவிட்டு வந்து இருப்பாள். நாங்கள் எண்ணின அந்த வெள்ளிக்கிழமையின் 31 இல் ஏழு, அக்காவுக்காகத் தொட்டது. மெசினின் கணக்கில் அந்த ஏழு தரமும் வெளியே போனவள் எங்கட ஆள்தான்.

அக்கா ரொயிலற்றுக்குப் போற நேரத்தை ஒருத்தரும் எண்ணேல்ல, அந்தத் தாளில் அவவுக்கு ஒரு வரியே இல்லை. ஆனால் ரொயிலற் கழுவப் போகிறதுக்கே அவவுக்கு ஒராள் கதவு திறக்கவேணும். எண்ணப்படுகிறவளும் எண்ணப்படாதவளும் ஒரே கண்ணாடியின் இரண்டு பக்கம்.

மஞ்சள் தாளுக்குப் பிறகு, அக்காவுக்கு ஒரு காட் கொடுக்கச் சொல்லி இவள் மின்னஞ்சல் போட்டாள். பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியாருக்குக் கொடுக்க இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த வெளியாள் ஐந்து வருசமாக அந்தத் தளத்தின் குப்பைக் கூடைகளைக் கொட்டுகிறவ. இதுக்குப் பிறகு அந்தத் தளத்தில் வேறொன்று நடக்கத் தொடங்கியது. மற்றவர்களுக்கும் தங்கட தாள்கள் வந்தன. அக்கா கண்ணாடிக்கு வெளியில் வந்து நின்றால் சிலர் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். கெட்ட ஆக்கள் இல்லை, அக்காவின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிற பிள்ளையள்தான். நிமிடத்துக்குப் பயம். எங்கட ஆள் இப்பவும் எழும்பித் திறக்கிறாள், ஆனால் ஒவ்வொரு தரமும் நேரத்தை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறாள்: 11.20, அக்கா. 2.05, அக்கா. அடுத்த மதிப்பீட்டுக்கு அந்தக் கொப்பியோடு போவாளாம். நாங்களும் அவளோடு இருந்து தாளைச் சட்டத்தோடு ஒத்துப் பார்த்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். நிரந்தரமாக்கிய பிறகு கொடுப்பதா, முதலே கொடுப்பதா என்பதில் வீட்டுக்குள் இன்னும் சண்டை.

சன நெரிசலில் ஆராவது மெசினைக் கிட்டப் பிடித்துக் காட்டிலுள்ள காசைக் களவெடுக்கலாமா எண்டு கனபேர் கேட்கினம். ஒவ்வொரு தொடுகைக்கும் காட் ஒரு புதுக் குறியீட்டைக் கணித்துக் கொடுக்கும், ஒருக்கால் பாவித்தது பிறகு செல்லாது. ஆகையால் ஒட்டுக்கேட்டுப் பிரயோசனமில்லை. எங்கட காட்டை எங்கட போனில் ஒரு செயலியால் வாசித்துப் பார்த்தோம், நம்பரும் முடிவுத் திகதியும் தெரிந்தன, பின்பக்கத்து மூன்று இலக்கம் தெரியவில்லை. பெரிய பயம் தேவையில்லை. கதவுக் காட்டுகள்தான் மோசம். உலகம் முழுக்கப் பாவித்த மைஃபெயார் கிளாசிக் என்ற வகையின் பூட்டை 2008 இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். சிப் செய்த கொம்பனி அந்தக் கட்டுரையைத் தடுக்க வழக்குப் போட்டுத் தோற்றது. எங்கட ஆளின் அலுவலகக் காட் எந்த வகை என்று நாங்கள் பார்த்துவிட்டோம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

வாசிக்கிற மெசின் எங்கட கையிலேயே இருந்தால் இந்தச் சாமான் வேறு மாதிரி. இரண்டு கொத்துரொட்டிக் காசுக்கு இருபது ஸ்ரிக்கர் ஒன்லைனில் எடுத்தோம். ஒரு இருபது ரூபாய்க் குத்தியளவு வட்டம், உள்ளே சுருளும் சிப்பும், 144 பைட் எழுதலாம். ஒன்றில் வைஃபை கடவுச்சொல்லை எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினோம். ஒன்று அரிசி வாளியில், கடைசியாக ஆர் அரிசி வாங்கினது என்று பார்க்க. (அதைப் பார்த்துச் சண்டை குறையவில்லை.) மிச்சத்தைப் பருத்தித்துறைக்காரி ஊருக்குக் கொண்டுபோனாள்.

அவளின் அம்மம்மாவுக்கு 81 வயசு. கண்ணில் வெள்ளை படர்ந்து ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, மற்றது அப்பிடியே கிடக்குது. ரொறன்ரோ மாமா அனுப்பின நல்ல போன் ஒன்று இருக்கிறது, பெயர்களைத் தேடி எடுக்கத்தான் கண் விடாது. சுவரில் பிள்ளைகளின் கலியாணப் படங்கள் வரிசையாக. ஒவ்வொரு படத்திலும் ஒரு ஸ்ரிக்கர், அதில் அந்தப் பிள்ளையின் நம்பர். படத்தில் போனை வைத்தால் நம்பர் வரும், பச்சையை அமத்தினால் சரி. மூத்தவரின் படம் மட்டும் வேலை செய்யவில்லை. பித்தளைச் சட்டம். உலோகம் பக்கத்தில் இருந்தால் அந்தக் காந்தப் புலத்தை விழுங்கிவிடும். ஸ்ரிக்கரைக் கண்ணாடியின் நடுவுக்கு, மாமாவின் வேட்டியில் ஒட்டினபிறகு சரிவந்தது. அயலில் உள்ள ஆச்சிமார் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருத்தி முருகன் படத்தில் போனை வைத்துப் பார்த்துவிட்டு, "இவருக்கு ஒட்டேல்லையோ?" எண்டு கேட்டாவாம்.

பிறகு குளிசைப் போத்தல்கள். போனை வைத்தால் அதில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டவேணும், தமிழில். இங்கேதான் 144 பைட் எவ்வளவு சின்னது எண்டு தெரிந்தது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் குற்று, கொம்பு, கால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூன்று பைட். 'அம்மா' என்று எழுத 15 பைட் போகும், அதே சொல்லை ஆங்கிலத்தில் எழுத ஆறு எழுத்து, ஆறு பைட். 'மெற்போமின், காலை ஒன்று இரவு ஒன்று சாப்பாட்டுக்குப் பிறகு' என்று எழுதினால் இடம் காணவில்லை. 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்றதை 'சாப்பிட்ட பின்' என்று சுருக்க, மட்டுமட்டாக அடங்கியது. தமிழில் எழுதுவதற்குப் பெரிய ஸ்ரிக்கர் வாங்கவேணும் எண்டது பிறகு விளங்கின விசயம், 504 பைட் உள்ளதும் விற்கிறார்கள், விலை கொஞ்சம் கூட.

அம்மம்மா காலையில் போத்தலை எடுத்துப் போனுக்கு முன்னால் பிடிப்பா. போனுக்குள் இருக்கிற பெண் குரல் சென்னைத் தமிழில் வாசிக்கும். "உது ஆர், இந்தியாக்காரியோ?" எண்டு முதல் நாள் கேட்டவ. இப்ப அந்தக் குரல் "சாப்பிட்ட பின்" என்று முடிக்க, "ஓம் பிள்ளை, சாப்பிட்டிட்டன்" எண்டு பதில் சொல்லிப்போட்டுத்தான் குளிசையை வாயில போடுறா. சாப்பிடாத நாளிலும் அதே பதில்தானாம்.